இருக்கா சார்

பெரிய பெரிய காற்றாலைக் காத்தாடிகள் காட்டுக்குக் காடு நின்று சுற்றுகிற வெள்ளியம்பாளையத்தில், மாவு மில் செல்லமுத்துவின் ஒரே மகள் சாருலதா, கரடு என்கிற மொட்டைக் குன்றின் மேலிருந்த பொறியியல் கல்லூரியில் ஒரு வருஷம் படித்துவிட்டு, இனிமேல் அந்தப் படி ஏறமாட்டேன் என்று பெட்டியோடு வந்து இறங்கி, பக்கத்து ஊர் அரசுக் கலைக்கல்லூரியில் புவியியல் வகுப்புக்குப் போன முதல் நாள், பேராசிரியர் இருதயராஜ் அவள் பெயரை வாசித்தபோது எழுந்து நின்று வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, நாக்கு அசைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அதே நேரத்தில், மூன்று பஸ் மாறிப் போகிற தூரத்தில், கரட்டுக் கல்லூரியின் வகுப்பறையில், மூன்றாம் பெஞ்சின் ஆளில்லாத பக்கத்திலிருந்து, “இருக்கேன் சார்” என்று அவள் குரல் கேட்டது. அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் பத்மஜா மேடம். தன்னைப் பார்த்துச் சார் என்றது யார் என்று திரும்பிப் பார்த்துவிட்டு, கணக்கை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

முதலில் தொண்டைக் கட்டு என்றார்கள். வெந்நீர் குடித்தாள், மிளகு மென்றாள். அப்புறம்தான் விஷயம் விளங்கியது. மற்ற பேச்செல்லாம் அவளுக்குச் சரளமாக வந்தது. கடையில் சில்லறை கேட்டாள், பஸ்ஸில் இடம் கேட்டாள், பக்கத்து வீட்டுக் குழந்தையை வைதாள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சொல்கிற பதில் மட்டும் அவள் வாயில் தங்காமல் நேரே கரட்டுக்குப் போய்விடும். போதாததற்கு, அங்கே தினமும் காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது, அவள் இங்கே பல் விளக்கிக்கொண்டிருந்தாலும், “பிரசென்ட் மேம்” என்று அந்தக் குரல் தானாகவே சொல்லிக்கொண்டது.

காரணம் என்னவென்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கண்ணேறு என்றார் ஒருவர், கரட்டில் பழைய சாமி ஒன்று குடியிருக்கிறது, அது பிடித்துவைத்துக்கொண்டது என்றார் இன்னொருவர். சாருவுக்குத் தனக்குத் தெரிந்தது போதும். பள்ளிக்கூடத்தில் அவள் கேள்வி கேட்டே வாத்தியார்களை வகுப்பு மணி அடித்த பிறகும் நிற்க வைத்தவள். கரட்டுக்குப் போன முதல் வாரத்தில், ஜன்னல் வழியாக ஆடிக்காற்று புகுந்து மேஜைத் தாளையெல்லாம் வாரிக்கொண்டு போனபோது, எழுந்து நின்று, இந்தக் காத்து எங்கிருந்து மேம் வருது என்று கேட்டாள். இங்கே இங்கிலீஷில்தான் கேட்க வேண்டும் என்றார் பத்மஜா மேடம். அவள் வார்த்தை தேடினாள். தேடி முடிப்பதற்குள் அறுபது பேரும் சிரித்து முடித்துவிட்டார்கள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். மணி அடித்தால் எழுவது, மணி அடித்தால் தின்பது, மணி அடித்தால் விளக்கணைப்பது என்று ஓடிய அந்த வருஷம் முழுக்க, அவள் அந்த வகுப்பில் வாய் திறந்து சொன்னது “பிரசென்ட் மேம்” ஒன்றைத்தான். ஒரு நாளும் தவறாமல் சொன்னாள், ஏனென்றால் ஒரு நாள் தவறினாலும் மில்லுக்குப் போன் போகும், அப்பா மில்லை நிறுத்திவிட்டு ஓடிவருவார். சொல்லிச் சொல்லி அந்தப் பதில் அங்கேயே குடியேறிவிட்டது. பெட்டியைக் கட்டியபோது அதை எடுத்து வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தக் கல்லூரியில் இன்னொரு வழக்கமும் உண்டு. பெஞ்சின் மேல் மாணவியின் எண்ணைப் பெயிண்டில் எழுதிவிடுவார்கள். ஒரு வருஷம் முடிந்து அடுத்த வகுப்பறைக்குப் போகும்போது அவரவர் பெஞ்சை அவரவரே தூக்கிப் போக வேண்டும், நாலு வருஷமும் அதே பெஞ்சுதான். சாரு வெளியேறிய பிறகும், அவளோடு பெஞ்சைப் பங்குபோட்ட டெய்சி என்ற வால்பாறைப் பெண், பெஞ்சை இன்னொருத்தியின் உதவியோடு இரண்டாம் வருஷத்து அறைக்குத் தூக்கிப் போனாள். வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது என்று பிற்பாடு சொன்னாள்.

ஆக, குரல் அங்கே, ஆள் இங்கே என்று இரண்டு இடத்திலும் வாழ்க்கை நடக்கத் தொடங்கியது.

கரட்டில் இருந்தவர்கள் முதல் இரண்டு நாள் கொஞ்சம் திகைத்தார்கள், மூன்றாம் நாளிலிருந்து பழகிக்கொண்டார்கள். வெள்ளியம்பாளையத்தில் அம்மா ருக்மணி வாசலிலிருந்து சாரூ என்று கூப்பிட்டுக் கொள்ளு வெந்துவிட்டதா, மத்து எங்கே என்று கேட்டால், வெப்பவியல் பாடத்தின் நடுவே, “வெந்துருச்சும்மா, பருப்பு மத்து அடுப்புத் திட்டுல இருக்குது” என்று மூன்றாம் பெஞ்சு சொல்லும், விடுதியில் தண்ணிச் சாம்பார் குடித்து வளர்ந்த அறுபது வயிறும் ஒரு சேரக் குமுறும். தமிழில் பேசியதற்குத் தண்டனையாக அந்தப் பெஞ்சை ஒரு வாரம் வராந்தாவில் நிறுத்தினார்கள். வராந்தாவில் நின்றும் அது தவறாமல் பிரசென்ட் சொல்லியது, போகிற வருகிற வகுப்புப் பெண்களெல்லாம் அதன் பக்கத்தில் நின்று காது கொடுத்தார்கள். இதற்கிடையில் மேலிடத்து ஆய்வுக்குழு ஒன்று வந்து, வகுப்புக்கு வெளியே நின்றும் வருகை சொல்கிற ஒழுக்கத்தை எந்தக் கல்லூரியிலும் கண்டதில்லை என்று பாராட்டிவிட்டுப் போனதால், பெஞ்சு மறுபடி உள்ளே வந்தது. சோறு கேட்காது, லீவு கேட்காது, எதிர்த்துப் பேசாது, கூப்பிட்டால் பதில் சொல்லும் என்று விடுதிக் காப்பாளர் மற்றப் பெண்களுக்கு அதையே எடுத்துக்காட்டாகச் சொல்ல ஆரம்பித்தார்.

இங்கேயும் அப்படித்தான். மாவு மில்லில் எந்நேரமும் இரைச்சல் என்பதால் செல்லமுத்து எப்போதுமே தகர டப்பாவைத் தட்டித்தான் ஆளைக் கூப்பிடுவார். அவருக்கு ஒன்றும் மாறவில்லை. ருக்மணிதான் திண்டாடினாள். கூப்பிடுவதும் பதில் வராததும், வேறெங்கோ போன பதிலை நினைத்து நெஞ்சடைப்பதுமாக இருந்துவிட்டு, கடைசியில் பெயர் சொல்வதையே நிறுத்தினாள். கை தட்டினாள், கரண்டியால் சட்டியைத் தட்டினாள். அதைப் பார்த்து வீதியே தட்டக் கற்றுக்கொண்டது. அரசுக் கல்லூரி வகுப்பிலோ அதைவிட எளிதாக முடிந்தது. அங்கே படித்தவர்கள் பாதிப் பேர் காலையில் வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு வருகிறவர்கள், வராத சிநேகிதனுக்காகக் குரல் மாற்றிப் பதில் சொல்லித் தேர்ந்தவர்கள். வராதவனுக்கே சொல்கிற நாம் வந்தவளுக்குச் சொன்னால் என்ன என்று, சாருலதா என்று சார் வாசித்ததும் வகுப்பு மொத்தமும், “இருக்கா சார்” என்று கத்தும். இருதயராஜ் சார் கண்ணாடியைத் தூக்கி அவளைப் பார்ப்பார், அவள் கையைத் தூக்குவாள், அவர் குறித்துக்கொள்வார்.

இப்படியே மூன்று வருஷம்கூட ஓட்டியிருக்கலாம். ஆனால் கரட்டுக் கல்லூரி டி.சி. தரவில்லை, பிளஸ் டூ மார்க் ஷீட்டையும் அங்கேயே வைத்திருந்தது. ஆவணி பிறப்பதற்குள் இரண்டும் வந்து சேராவிட்டால், புவியியலில் சாருவின் இடம் காத்திருக்கிற அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்று இருதயராஜ் சார் வருத்தத்தோடு சொன்னார். அவர் கையில் இருந்ததையெல்லாம் செய்துவிட்டார், அதற்கு மேல் விதி விடாது.

செல்லமுத்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, விடுதிப் பிள்ளைகளுக்கு என்று ஒரு பை முறுக்கும் எடுத்துக்கொண்டு கரட்டுக்குப் போனார். கல்லூரி முதல்வர் மரியாதையாக உட்கார வைத்தார். உங்கள் பெண் ஒரு நாளும் தவறாமல் வகுப்பில் இருக்கிறாள், இருக்கிற பிள்ளைக்கு எப்படிப் போனதாக எழுதித் தருவது என்று கேட்டார். அவள் வீட்டில் இருக்கிறாளுங்க என்றார் செல்லமுத்து. நேரிலேயே பார்த்துவிடலாம் என்று அவரை வகுப்புக்குக் கூட்டிப் போய், நீங்களே கூப்பிடுங்கள் என்றார் முதல்வர்.

செல்லமுத்து பெஞ்சின் காலியான பக்கத்தைப் பார்த்து, கூச்சத்தோடு, சாரு என்றார்.

“ஏம்ப்பா?” என்றது பெஞ்சு.

மகள் பிறந்ததிலிருந்து மில் இரைச்சலில் டப்பா தட்டியே கூப்பிட்டுப் பழகிய மனிதர், தன் பெண் இவ்வளவு மெதுவாக, இவ்வளவு பக்கத்திலிருந்து ஏம்ப்பா என்று சொல்லிக் கேட்டதே இல்லை. அங்கேயே அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முறுக்குப் பையைப் பிரித்து இரண்டு முறுக்கை அதன் மேல் வைத்தார். அதற்கப்புறம் டி.சி.யைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னதைக் கேட்டு ருக்மணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அங்கேயும் ஒரு பிள்ளை இருக்கிறது, அதைத் தனியாக எப்படி விட்டுவிட்டு வருவது, பாவம், நாம் கூப்பிட்டால் உடனே ஏம்ப்பா என்கிறது என்றார் செல்லமுத்து. இன்னும் மூன்றே வருஷம்தானே, நீயும் போய் அதோடு சேர்ந்து உட்கார்ந்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடாதா என்று அவர் மகளிடம் கேட்டார். கட்டாயப்படுத்துகிற மனிதரில்லை அவர். அதனால்தான் அந்தக் கேள்வி சாருவின் மேல் அவ்வளவு பாரமாக விழுந்தது.

அவள் அப்பாவின் எதிரே வந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்:

“அது புள்ள இல்லப்பா. கூப்புட்டாப் பதில் சொல்லும், அவ்வளவுதான். நீங்க அங்க உக்காந்திருந்தீங்கள்ல, சாப்புட்டீங்களான்னு ஒரு வார்த்த உங்களக் கேட்டுச்சா?”

செல்லமுத்து யோசித்துப் பார்த்தார். கேட்கவில்லை.

“நானு அப்படித்தாம்ப்பா ஒரு வருசம் இருந்தேன். இனி இருக்க மாட்டேன். நாளைக்கு நானே போறேன்.”

ருக்மணி துணைக்கு வருவதாகச் சொன்னாள், வேண்டாம் என்றாள். மில் டெம்போவில் கொண்டுபோய் விடட்டுமா என்றார் செல்லமுத்து, அதுவும் வேண்டாம் என்றாள். விடிந்ததும் தலைவாரி, தட்டில் இருந்த இட்லியை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, மூன்று பஸ் மாறிக் கரட்டின் அடிவாரத்தில் இறங்கி, காற்று துப்பட்டாவைப் பிடித்து இழுக்க இழுக்க மேலே ஏறினாள்.

வாசல் காவலாளி அவளைத் தடுத்தார். பதிவின்படி நீ உள்ளேதானே இருக்கிறாய், எப்போது வெளியே போனாய், வெளியே போக அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்டார்.

“அதத்தானுங்கண்ணா நானும் விசாரிக்க வந்திருக்கறேன்” என்றாள் சாரு. அவருக்கு அதில் தப்பு எதுவும் தெரியாததால் உள்ளே விட்டுவிட்டார்.

அவள் வகுப்பு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்மஜா மேடம் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தார். சாருலதா என்று வாசித்தார். பிரசென்ட் மேம் என்றது மூன்றாம் பெஞ்சு. அது தன் குரல்தான் என்று சாருவுக்குத் தெரிந்தது. உலர்ந்து, தேய்ந்து, ஒரே அளவில் வெட்டி வைத்தது போல இருந்தது அது. மேடம் தலையைத் தூக்கி, வாசலில் நின்றவளைப் பார்த்து, ஏற்கனவே பிரசென்ட் போட்டாயிற்று, சத்தம் போடாமல் போய் உட்கார் என்று இங்கிலீஷில் சொன்னார். சாரு போய் உட்கார்ந்தாள். அவள் பக்கம் தூசியில்லாமல் துடைத்திருந்தது. அப்பா வைத்த முறுக்கில் ஒன்று இன்னும் காகிதத்தில் சுற்றி ஓரமாக இருந்தது.

டெய்சி அவள் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, “இத எடுத்துட்டுப் போகவா வந்த?” என்று கேட்டாள். ஆமாம் என்று தலையசைத்தாள் சாரு. டெய்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

“வேணாம்டி. முன்னெல்லாம் உங்கம்மா கூப்புட்டா நல்லாப் பேசும். கொள்ளுங்கும், மத்துங்கும், நான் கண்ண மூடிக்கிட்டு உங்க வீட்லயே இருக்கற மாதிரி உக்காந்திருப்பேன். இப்ப ஏன் உங்கம்மா கூப்புடறதே இல்ல? வெறும் பிரசென்ட் மட்டுந்தான் சொல்லுது. அதுவும் போயிட்டா எனக்கு இங்க யாரு இருக்கா?”

ஒரு வருஷம் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தும், இவள் எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று தான் ஒரு தரம்கூடக் கேட்காதது அப்போதுதான் சாருவுக்கு உறைத்தது. டெய்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே, அந்த வகுப்பில் ஒருவரும் அனுமதி கேட்காமல் செய்யாத காரியத்தைச் செய்தாள், எழுந்து நின்றாள்.

மேடம், என்னை இன்னொரு தரம் கூப்பிடுங்கள் என்று தமிழில் சொன்னாள். தமிழில் சொன்னதற்கு என்ன தண்டனை என்று பத்மஜா மேடம் யோசிப்பதற்குள் வாய் பழக்கத்தில் சாருலதா என்றது. பிரசென்ட் மேம் என்றது குரல், சாருவின் தோளுக்குப் பக்கத்திலிருந்து. சாருவின் உதடு மூடியபடி இருந்ததை அறுபது பேரும் பார்த்தார்கள். இன்னொரு தரம் என்றாள். இன்னொரு தரமும் அதுவேதான் நடந்தது. எத்தனை பேர் எத்தனை முறை கூப்பிட்டாலும் இதுதான் நடக்கும் என்று அவளுக்குப் புரிந்தது. மேடம் கூப்பிட்டாயிற்று, விடுதிக் காப்பாளர் கூப்பிட்டாயிற்று, அம்மா, அப்பா, இருதயராஜ் சார் எல்லோரும் கூப்பிட்டாயிற்று. கூப்பிடாத ஆள் உலகத்தில் ஒருத்திதான் பாக்கி.

தன் பெயரைத் தானே சொல்லி யார் கூப்பிடுவார்கள்? அதுவும், கேள்வி கேட்டதற்கு அறுபது பேர் சிரித்த அறையில்? அவளுக்குக் காது சூடேறியது. ஆனாலும் பெஞ்சில் காலியாக இருந்த தன் இடத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, சாருலதா என்றாள்.

“பிரசென்ட்” என்றது குரல், மேம் இல்லாமல்.

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். சாரு பெஞ்சின் மேல் கையை வைத்தாள். இந்த முறை வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொன்னாள்.

“சாரு. எந்திரி, போலாம்.”

பதில் வரவில்லை. ஜன்னல் வழியே காற்று புகுந்து மேஜைத் தாள்களைப் புரட்டியது, யாரும் பிடிக்கவில்லை. வராந்தாவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். வருஷம் முழுக்க ஒரு பதிலை மட்டுமே சொன்ன அந்தக் குரல், எதையோ தேடுகிற மாதிரி, தேடி எடுக்கப் பயப்படுகிற மாதிரி வெகுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, கடைசியில், சின்னப் பிள்ளையின் குரலில் கேட்டது:

“எங்க?”

அந்தப் பெஞ்சு தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. சாருவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. “நாம கேட்டோமே, காத்து எங்கிருந்து வருதுன்னு. அதச் சொல்லித் தர்ற எடம் ஒண்ணு இருக்குது. வர்றியா?” என்றாள்.

“வர்றேன்” என்றது குரல்.

அந்த வார்த்தை பெஞ்சில் ஆரம்பித்து அவள் வாயில் முடிந்தது. கொதிக்கிற சோற்றை விழுங்கியது போல நெஞ்சுக்குள் சுட்டுக்கொண்டு இறங்கியது. அவள் இருமினாள், டெய்சி முதுகைத் தட்டினாள். பெஞ்சு இலேசாகிவிட்டது, டெய்சி கையை ஊன்றியதும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.

ஆனால் காரியம் இன்னும் முடியவில்லை, அது சாருவுக்குத் தெரியும். மேடம், கடைசியாக ஒரு முறை என்றாள். பத்மஜா மேடம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கத்தைவிட மெதுவாக, அவள் முகத்தைப் பார்த்தபடியே வாசித்தார்.

“சாருலதா.”

ஒரு வருஷத்துப் பழக்கம் நாக்கை உள்ளேயிருந்து பிடித்துத் தள்ளியது. சொல்லிவிடு, சொல்லிவிட்டால் உட்கார்ந்துவிடலாம் என்றது. அவள் பல்லைக் கடித்தாள், டெய்சியின் கையை நசுக்கினாள், மேடத்தின் கண்ணைப் பார்த்தபடியே நின்றாள், பதில் சொல்லவில்லை. மேடம் காத்திருந்தார். வகுப்பு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளுக்காகப் பேசாமல் இருந்தது.

“ஆப்சென்ட்” என்றார் பத்மஜா மேடம். எழுதினார். எழுதிவிட்டு, யாருக்கோ சொல்வது போல ஜன்னலைப் பார்த்து, அன்றைக்கு நீ கேட்டதற்கு எனக்கும் பதில் தெரியாது என்று தமிழில் சொன்னார். பிறகு அடுத்த பெயரை வாசித்தார். டெய்சி எழுந்து, பிரசென்ட் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, “இருக்கேன் மேம்” என்றாள். அதற்கடுத்தவளும் அப்படியே சொன்னாள்.

வராத பிள்ளையைப் போனதாக எழுதித் தர முதல்வருக்குத் தடையில்லை. அன்று மத்தியானமே டி.சி.யும் மார்க் ஷீட்டும் கைக்கு வந்தன. வாசல் வரை டெய்சி கூடவே வந்தாள். வால்பாறையில் அவள் வீட்டுக்குப் பின்னால் காட்டெருமை வந்து நிற்பதைச் சொன்னாள், சாரு கேட்டுக்கொண்டே நடந்தாள், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு என்றாள். மிச்சமிருந்த முறுக்கை ஆளுக்குப் பாதியாக உடைத்துத் தின்றார்கள்.

சாயங்காலம் வீடு வந்து அவள் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்து ருக்மணி கை தட்டினாள். சாரு அசையவில்லை. கரண்டியால் சட்டியைத் தட்டினாள். அதற்கும் அசையவில்லை. ருக்மணி எட்டிப் பார்த்தாள், மகளின் முகத்தைப் பார்த்தாள், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப நாளாக எடுக்காத பாத்திரத்தை எடுப்பவள் போல, சாரூ என்றாள்.

“ஏம்மா? டீ வச்சாச்சா? அப்பா சாப்புட்டாரா?”

வீட்டை ஒட்டிய மில்லில் டப்பா சத்தம் நின்றது. செல்லமுத்து மாவு படிந்த முகத்தோடு வாசலுக்கு வந்து நின்று, சாப்பிட்டேன் சாமி, சாப்பிட்டேன் என்றார்.

மறுநாள் வகுப்பில் இருதயராஜ் சார் சாருலதா என்று வாசித்ததும், பழக்கதோஷத்தில் எல்லோரும் சேர்ந்து, இருக்கா சார் என்று கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே இன்னொரு குரலும் கேட்டதால் ஒவ்வொருவராக அடங்கினார்கள். “இருக்கேன் சார்” என்று மறுபடியும் சொன்னாள் சாரு. சார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார்; அவள் உட்காராமல் நிற்பதைப் பார்த்து நிறுத்தினார்.

“ஒரு சந்தேகம் சார்.”

வெளியே காத்தாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. சார் பேனாவை மூடி வைத்தார்.

“கேளும்மா” என்றார்.